குடந்தையில் வருவோரும் வாழ்வோரும்

கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-ம் வருஷத்தில் வருகிறது. நாள் நெருங்க நெருங்க ரஸ்தாக்களைப் பற்றியும், விசேஷ ரயில்களைப் பற்றியும், போலீஸ் பந்தோபஸ்தைப் பற்றியும், யாத்ரீகர் தங்கும் இடங்களைப் பற்றியும் பேச்சும் எழுத்தும் பெருகும். அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் அப்பேச்சு முழுவதும் அவ்வூருக்கு வருகிறவர்களைப் பற்றியதாகவே இருக்கும் என்பதையும், அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்து உழைத்து வாழ்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுவது அபூர்வம் என்பதையும் முன் அனுபவத்தைக் கொண்டு நாம் சொல்லக்கூடும். ஆகவே, ஆரவாரம் தொடங்குவதற்கு முன்பே ஒரு கேள்வியை நமது நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஆற்றங்கரையிலுள்ள ஒரு சிறு நகரம் யாருக்காக ஒழுங்கு செய்யப்பட வேண்டும்? ஒரு நாள் நீராடிவிட்டுப் போகிறவருக்காகவா, நாள்தோறும் அந்நீரின் அருகே வாழ்கிறவருக்காகவா? வாழ்கிறவருக்காகச் செய்வதே வருகிறவரையும் காக்கும். வருகிறவருக்காக மட்டும் செய்வது இருவருக்கும் நிலைத்த பயனைத் தராது. இதுவே நமது அபிப்பிராயம்.

கும்பகோணம் பெரிய பட்டணமல்ல. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி நகர எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் 1,40,156 பேர். 1866-ம் வருஷத்தில் முனிசிபாலிடி ஏற்பட்ட பழைய ஊர் அது. 2021-ம் வருஷத்தில்தான் மாநகராட்சி என்ற அந்தஸ்தைப் பெற்றது. வடக்கே காவிரியும் தெற்கே அரசலாறும் ஓட, இவ்விரண்டுக்கும் இடையே ஊர் அமைந்திருக்கிறது. ஆதி கும்பேசுவரர், சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசாமி, நாகேசுவரர் முதலிய ஆலயங்களின் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுவதால், வெளியிலிருந்து வருகிறவர் இதை ஒரு கோயில் ஊர் என்று மட்டும் எண்ணிக்கொள்கிறார். அது தவறில்லை என்றாலும் முழு உண்மையுமல்ல. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலே பட்டு நெய்கிறவர் இருக்கிறார். பித்தளைப் பாத்திரம் விற்கிறவர் இருக்கிறார். வெற்றிலைக் கவுளி கட்டுகிறவர் இருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் தாய் இருக்கிறாள். ஊர் என்பது இவர்களே.

வருகிறவர் எதைப் பார்க்க வருகிறாரோ அதை உண்டாக்கியது அங்கு வாழ்ந்தவர்களின் அன்றாட வாழ்க்கை என்பதைச் சற்று யோசித்தால் அறியலாம். கும்பகோணம் வெற்றிலையின் மென்மை காவிரிப் பாசனத்தில் விளைந்தது. அருகிலுள்ள சுவாமிமலையில் ஸ்தபதிகள் வார்க்கும் விக்கிரகங்களுக்கு அச்சுப் பிடிக்கும் மண் காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டலே. காவிரிக் கரையில் 1854-ம் வருஷத்தில் தோன்றிய சர்க்கார் கலாசாலை, வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டர் முதலிய ஆசிரியர்களின் உழைப்பினால், தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பேர் பெற்றது. கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் இவ்வூர்ச் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்து, டவுன் ஹைஸ்கூலில் படித்து, 1904-ம் வருஷத்தில் இக்கலாசாலையிலே உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் அச்சம்பளத்தை இழந்தார். அன்று அவரைப் பார்க்க எந்த யாத்ரீகரும் வரவில்லை. இன்று அவர் வாழ்ந்த சிறிய வீட்டைப் பார்க்க வெளிதேசங்களிலிருந்தும் வருகிறார்கள். ஓர் ஏழைக் குடும்பம் அந்தத் தெருவிலே குடியிருந்து பிள்ளையைப் படிக்க வைக்க முடிந்ததனாலேயே, இன்று வருகிறவர் பார்ப்பதற்கு ஒரு வீடு கிடைத்தது. வாழ்வதற்கு யோக்கியதை இழந்த ஊர் நாளடைவில் பார்ப்பதற்கும் யோக்கியதை இழக்கும். கும்பகோணத்தின் பெயரைத் தாங்கிய காபிக் கடைகள் தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளெங்கும் முளைத்துவிட்டன. ஊரின் பெயர் இப்படிப் பிரயாணம் செய்துகொண்டிருக்கையில், ஊர் எப்படியிருக்கிறது என்று விசாரிக்கிறவர்கள்தான் குறைவு.

முன்னொரு மாசி மாதத்தில், நண்பர் ஒருவர் வீட்டுக் கலியாணத்தை முன்னிட்டு நாம் கும்பகோணத்தில் நான்கு தினங்கள் தங்கும்படி நேர்ந்தது. அதிகாலையில் ஸ்நானம் செய்யலாமென்று காவிரிப் படித்துறைக்குப் போனோம். படிகள் இருந்தன, அரசமரமும் பிள்ளையாரும் இருந்தார்கள், தண்ணீர் இல்லை. கரைக்குக் கரை மணல். அதன் நடுவே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சாக்கடை வாயிலிருந்து கறுத்த நீர் மணலில் கோடு போட்டதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திகைத்து நின்ற நம்மைப் பார்த்து, படியில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவியார், "தை கடைசியில தண்ணிய நிறுத்திடுவாங்களே, ஐயாவுக்கு வெளியூரா?" என்று கேட்டார். ஆமென்றோம். "தண்ணி வந்தா இது ஆறு, வராட்டி ஊருக்கெல்லாம் குப்பைத் தொட்டி" என்றார். பிறகு நமக்கு ஆறுதல் சொல்லுகிறவர்போல, "மாமாங்கத்துக்கு வாங்கையா. அப்ப பாத்தீங்கன்னா எங்க ஊரு எங்களுக்கே அடையாளம் தெரியாது" என்றார்.

அந்த அம்மாள் பரிகாசமாகச் சொல்லவில்லை. ஆயினும் அவ்வார்த்தை நம்மை விட்டு அகலவில்லை. தன் ஊர் செம்மையாயிருக்கும்போது அதைத் தனக்கே அடையாளம் தெரியாது என்று ஒரு பிரஜை சொல்லுவாரானால், அந்தச் செம்மை யாருக்காக ஏற்பட்டது?

கிழவியார் சொன்ன கணக்கு சரியானதே. மேட்டூர் அணை 1934-ம் வருஷத்தில் திறக்கப்பட்டபின், ஜூன் 12-ந் தேதி நீரைத் திறந்து ஜனவரி 28-ந் தேதி நிறுத்துவது வழக்கமாயிற்று. மழை பொய்த்த வருஷங்களில் திறப்பு தாமதமாவதும் உண்டு. ஆகவே ஆடிப் பதினெட்டில் காவிரி ஊராருக்கு உரியவள். பெண்கள் படித்துறையில் மஞ்சளும் காதோலையும் கருகமணியும் வைத்து வழிபடுகிறார்கள். மாசி மகமோ ஆறு வற்றிய பின் வருகிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, வியாழன் சிம்ம ராசியில் நிற்க, மாசிப் பௌர்ணமியும் மக நக்ஷத்திரமும் கூடும் காலத்தில் மகாமகம் கொண்டாடப்படுகிறது. வருகிறவர்கள் மகாமகக் குளத்தில் நீராடி, பின்பு பொற்றாமரைக் குளத்திலும், அதன்பின் காவிரியிலும் நீராட வேண்டுமென்பது சம்பிரதாயம். அப்பொழுது அதிதிகளுக்காகக் காவிரியில் நீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. மற்றப் பதினொரு மாசி மாதங்களில் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

மகாமகத்தின் ஸ்தலபுராணத்தையும் இங்கு நினைவூட்டுவது பொருந்தும். கங்கை முதலிய ஒன்பது நதிகளும், மனிதர் தம்மிடம் கழித்துவிட்டுப் போன பாவத்தின் சுமை தாங்காமல், அதைப் போக்கிக்கொள்ள இக்குளத்திற்கு வருவதாக அப்புராணம் கூறுகிறது. நதிகளே சுத்தமாவதற்கு வரும் ஊர் என்பது கும்பகோணத்தின் பெருமை. அப்படிப்பட்ட ஊரின் வாசலில் ஓடும் நதியின் மேல் அவ்வூரே தன் சாக்கடையைச் சுமத்துவது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை நாம் விவரிக்கத் தேவையில்லை.

திருவிழாக்களின் சரித்திரம் நமக்குச் சில பாடங்களைப் போதிக்கிறது. மகாமகக் குளம் ஆறு ஏக்கருக்குச் சற்று அதிகமான விஸ்தீரணமுள்ளது. அதன் கரைகளில் 16 மண்டபங்கள் நிற்கின்றன. தஞ்சை நாயக்க மன்னர்களின் மந்திரியாயிருந்த கோவிந்த தீக்ஷிதர் இவற்றை அமைப்பித்தார் என்பர். லக்ஷக்கணக்கான ஜனங்கள் ஒரே முகூர்த்தத்தில் இந்த ஆறு ஏக்கருக்குள் இறங்க விரும்பினால் என்ன நேரும் என்பதை 1992-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி நாடு கண்டது. அன்றைய முதலமைச்சரும் நீராட வந்திருந்த அந்த நாளில், நெரிசலிலே சுமார் 50 பேர் உயிரிழந்தார்கள். யார் காரணம் என்ற பழைய வழக்கை இங்கே திரும்ப எடுத்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. அந்தத் துயரத்துக்குப் பின் அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள் என்பதை ஒப்புக்கொள்வதே நியாயம். 2004-ம் வருஷத்து மகாமகமும், 2016-ம் வருஷத்து மகாமகமும் அப்படிப்பட்ட விபத்தின்றி நிறைவேறின. இதற்காகப் பாடுபட்ட போலீஸாருக்கும், சுகாதார ஊழியருக்கும், இரவு பகலாகக் குப்பை வாரிய தொழிலாளருக்கும் தேசம் கடமைப்பட்டிருக்கிறது. மனம் வைத்தால் நம்மால் ஜனங்களின் உயிரைக் காக்க முடியும் என்பதற்கு இவை அத்தாட்சி.

ஆனால் மேற்சொன்ன 2004-ம் வருஷத்தை நேயர்கள் இன்னும் ஒரு நிமிஷம் உற்று நோக்க வேண்டும். அவ்வருஷம் மார்ச் மாதத்தில் மகாமகம் நடந்தது. எத்தனையோ அதிகாரிகள் கூடி, எங்கே கம்பு கட்டுவது, எந்தப் படியில் இறங்கி எந்தப் படியில் ஏறுவது என்றெல்லாம் திட்டமிட்டு, லக்ஷக்கணக்கான அதிதிகளைப் பத்திரமாக வீடு சேர்த்தார்கள். ஜூலை மாதத் தொடக்கத்தில், நகரத்தை ஒட்டியுள்ள தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜ சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் ஆலயம், உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. உலகமே பார்க்கத் தகுந்த இடம் என்று உலகமே ஒப்புக்கொண்டது. அதே ஜூலை மாதம் 16-ந் தேதி, நகரத்தின் ஒரு குறுகலான தெருவிலே, ஒரு பள்ளிக்கூடத்தின் மதிய உணவுச் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, வகுப்பறைகளில் இருந்த 94 குழந்தைகளைப் பலி கொண்டது.

மார்ச்சு மாதத்திலே ஊரெங்கும் கண்கள் இருந்தன. கூட்டம் எந்த வழியாக வெளியேறும் என்ற கேள்வியை ஆயிரம் தடவை கேட்டார்கள். நான்கு மாதங்களுக்குப் பிறகு, அந்தக் குழந்தைகள் எந்த வழியாக வெளியேறுவார்கள் என்ற கேள்வியைக் கேட்க ஒருவரும் இல்லை. கூரையோ ஒளித்து வைத்த பொருளல்ல. தெருவில் போகிறவர் எல்லோரும் பார்க்கக்கூடியது. அதிதியின் நாளைக் காத்த ஊரால் தன் சொந்தக் குழந்தையின் நாளைக் காக்க இயலவில்லை. புத்தியும் பணமும் ஆட்களும் இல்லாமற் போனார்கள் என்று சொல்ல இடமில்லை. அவற்றை எந்த நாளில், யாருக்காகச் செலவிடுவது என்பதில்தான் பிழை. அதன்பின் ராஜ்யமெங்கும் பள்ளிக்கூடங்களின் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவு பிறந்தது. 94 குழந்தைகளின் உயிரை விலையாகக் கொடுத்து வாங்கிய அவ்வுத்தரவு அதற்கு முன்பே நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கக் கூடியது.

நமது வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றை நாம் அறியாமலில்லை. வருகிறவர்களால்தானே அவ்வூர் பிழைக்கிறது, அவர்களைக் கவனிப்பது ஊராரைக் கவனிப்பது ஆகாதா என்று சிலர் கேட்கலாம். யாத்ரீகரால் கடைக்காரருக்கும் ஓட்டல்காரருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் வரும்படி உண்டு என்பது மெய்யே. அந்த வரும்படியை நாம் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் பணம் வந்து சேரும் வழியும், குடிக்கும் நீரும், பிள்ளை படிக்கும் கட்டடமும் வெவ்வேறு விஷயங்கள். முன்னது பெருகினால் பின்னவை தாமாகவே சீர்ப்படும் என்பதற்கு ருசு வேண்டும். அந்த ருசுவைக் கொண்டுவரும் பாரம் அப்படிச் சொல்லுகிறவரையே சேரும். 2004-ம் வருஷமோ அதற்கு மாறாகவே சாக்ஷி சொல்லுகிறது.

காவிரி நீர் கர்நாடகத்தின் மழையையும் மேட்டூரின் கதவையும் பொறுத்தது, நகரத்தார் என்ன செய்ய முடியும் என்று இன்னும் சிலர் கேட்கலாம். நீர் வருவது நம் கையில் இல்லை என்பது பாதி உண்மை. ஆனால் வந்த நீரில் எதைக் கலப்பது, வராத காலத்தில் மணலின் மேல் எதைக் கொட்டுவது, குளத்துக்கு நீர் கொண்டுவந்த வாய்க்காலின் மேல் சுவர் எழுப்பலாமா கூடாதா என்பவை முற்றிலும் நம் கையில் உள்ளவை. அயலார் கொடுக்க வேண்டியதற்காக வழக்காடும் நாம், நம் கையில் உள்ளதைப் பாழாக்கிக்கொண்டிருந்தால், நமது வழக்கின் பலமே குறையும். நதியில் நமக்குள்ள பாத்தியதையை நாம் நிலைநாட்டுவது, அந்நதியை நாம் நடத்தும் விதத்தினாலும் ஆகும்.

ஆகவே, 2028-ம் வருஷத்துக்காகச் செய்யப்படும் ஒவ்வொரு காரியத்தையும் ஒரே ஓர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கடைசி யாத்ரீகர் ரயிலேறிப் போன மறுநாள் அந்தக் காரியத்தில் ஊராருக்கு என்ன மிஞ்சும்? பந்தலும் கம்பும் வர்ண விளக்கும் மிஞ்சுவதில்லை. அவை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவற்றோடு நின்றுவிடக் கூடாதென்கிறோம். மிஞ்சக்கூடியவற்றில் முக்கியமான நான்கைக் கூறுகிறோம்.

முதலாவது, குளங்களும் அவற்றின் வாய்க்கால்களும். குளத்தை விழாவுக்கு முன் இறைத்துச் சுத்தம் செய்து புதுநீர் நிரப்புவது சுலபம். ஆற்றில் நீர் ஓடும் மாதங்களில் அந்நீர் தானாகவே குளத்துக்கு வந்து சேரும்படி பழைய வாய்க்கால்களை மீட்பது கடினம். கடினமானதையே முதலில் தொடங்க வேண்டும். குளம் நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊற்று ஏறும். அது பன்னிரண்டு வருஷமும் பயன் தரும்.

இரண்டாவது, சாக்கடை. காவிரியிலும் அரசலாற்றிலும் விழும் ஒவ்வொரு சாக்கடை வாயையும் எண்ணி, ஒவ்வொன்றும் எந்தத் தேதிக்குள் அடைபடும் என்பதைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். ஆற்றில் நீர் வரும் வேளையில் அது எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நம்பியிருப்பது தரும நியாயமாகாது. அரசலாறு காரைக்காலில் கடலைச் சேர்கிறது. அதன் கரையெங்கும் வாழ்கிறவர்கள் நம்மைப் போன்ற பிரஜைகளே.

மூன்றாவது, கட்டடங்கள். யாத்ரீகர் தங்கும் விடுதிகளையும் சத்திரங்களையும் பரிசோதிக்கும் அதே கையோடு, பள்ளிக்கூடங்களையும் கலியாண மண்டபங்களையும் ஆஸ்பத்திரிகளையும் பரிசோதிக்க வேண்டும். மாடிப்படியின் அகலம் என்ன, வெளியேறும் வழிகள் எத்தனை, கடைசியாகப் பார்வையிட்ட தேதி எது என்பவற்றை வாசலிலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய் அதைப் படித்துப் பார்க்கட்டும். அவளைவிடக் கண்டிப்பான இன்ஸ்பெக்டர் வேறு யாருமில்லை.

நான்காவது, கணக்கு. திருவிழாவுக்காகச் செலவான பணத்தின் கணக்கு வழக்கம்போல் எங்காவது பைலில் அடங்கிவிடும். அதோடு, விழா முடிந்து ஒரு வருஷம் கழிந்தபின், எவை எவை இன்னும் நிலைத்திருக்கின்றன, எவை கெட்டுவிட்டன என்ற இரண்டாவது கணக்கு ஒன்றை நகர சபையார் ஜனங்கள் முன் வைக்க வேண்டும். வீதிக்கு வீதி அதைப் படித்து விவாதிக்கக் குடிகளுக்கு உரிமை வேண்டும். சுயராஜ்யம் என்பது டில்லியிலும் சென்னையிலும் மட்டும் நடக்கும் காரியமல்ல. ஒரு தெருவின் சாக்கடையைப் பற்றி அத்தெருவார் கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைக்கிற இடத்திலே அது தொடங்குகிறது.

வருகிறவர்களுக்கும் இரண்டொரு வார்த்தை சொல்லாமல் விடுவது நியாயமாகாது. நாமும் வருகிறவர்களில் ஒருவராகவே அவ்வூருக்குப் போயிருக்கிறோம். குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. காலையில் இறங்கி, நான்கு கோயில் பார்த்து, காபி குடித்து, வெற்றிலை வாங்கி, மாலையில் வண்டியேறிவிடுவதை யாத்திரை என்று எண்ணிக்கொள்கிறோம். உடுத்த துணியை நீரில் விட்டுவிட்டு, பிளாஸ்டிக் பைகளைப் படியில் போட்டுவிட்டு வருகிறோம். நம் பாவம் போயிற்று என்று மனத் திருப்தியோடு திரும்புகிறோம்; அது போன இடம் பிறர் குளிக்கும் படித்துறை என்பதை நினைப்பதில்லை. பிறர் வீட்டுக்குப் போனால் கால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைவது நம் முன்னோர் வழக்கம். ஊரும் ஒரு வீடே. இயன்றவர்கள் விழாவல்லாத காலத்தில் போய் இரண்டு நாள் தங்கட்டும்; நெய்கிறவரையும் வார்க்கிறவரையும் கண்டு பேசட்டும்; அவர்கள் கைப்பொருளைப் பேரம் பேசிக் குறைக்காமல் வாங்கட்டும். ஆறு வற்றியிருக்கும் மாசி மாதத்தில் படித்துறையில் நின்று பார்க்கட்டும். அப்பொழுதுதான் அந்த நகரத்தின் உண்மையான நிலைமை அவர்களுக்குப் புலப்படும்.

அதிதியை உபசரிப்பதில் தமிழருக்கு ஒருவரும் நிகரில்லை என்று நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் விருந்தாளி வரும் நாளில் மட்டும் விளக்கேற்றி, மற்ற நாட்களில் வீட்டுப் பிள்ளைகளை இருட்டில் வைக்கும் குடும்பத்தை எவரும் மெச்சமாட்டார்கள். 2028-ம் வருஷத்து மகாமகம் வந்து போகும். லக்ஷக்கணக்கானவர்கள் நீராடித் திரும்புவார்கள். அவர்கள் ஒருவர் தவறாமல் பத்திரமாக வீடு சேர வேண்டுமென்பதே நமது பிரார்த்தனை. அதற்கு அடுத்த மாசி மாதத்தில், கூட்டமும் கொட்டு மேளமும் இல்லாத ஒரு சாதாரணக் காலையில், காவிரிப் படித்துறையில் பூக்கட்டும் அந்த அம்மாள் சுற்றிலும் பார்த்து, இது எங்கள் ஊர்தான் என்று அடையாளம் கண்டு மகிழ்வாரா? அதிகாரிகளும் நகர சபையாரும் அவ்வூர்க் குடிகளும் செய்யப்போகும் காரியங்களின் யோக்கியதையை நாம் அதைக் கொண்டே அளப்போம்.